மதகடி நிலத்தை விற்று வக்கீல் படிப்பா?

வாசகர் கேள்வி – பதில்

'எங்களுக்குத் திருக்கழுக்குன்றம் வட்டத்தில் ஏரிப் பாசனத்தில் ஒன்றேகால் ஏக்கர் கழனி இருக்கிறது. சம்பாவும் நவரையும் நெல், தண்ணீர் குறைந்த வருஷம் தர்பூசணி. மகள் அரசுப் பள்ளியில் +2 படிக்கிறாள். வக்கீலுக்குத்தான் படிப்பேன் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி ஏறி இறங்கியவர்கள் உண்டு, கறுப்புக் கோட்டுப் போட்டவர் ஒருவர்கூட இல்லை. தெரிந்தவர் ஒருவர், வெளிமாநிலக் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன், வகுப்புக்கே போக வேண்டாம், மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார். மதகை ஒட்டி 15 சென்ட் இருக்கிறது. அதை விற்கலாமா? இல்லை, வேறு படிப்புக்கு மனதை மாற்றிக்கொள்ளச் சொல்லலாமா?'

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருக்கழுக்குன்றம் வட்டம்

நிலத்தை விற்கவும் வேண்டாம், மகளின் மனதை மாற்றவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் நிலம். மதகை ஒட்டிய 15 சென்ட் என்பது வெறும் 15 சென்ட் அல்ல. ஏரித் தண்ணீர் மீதிக் கழனிக்கு வரும் வாய்க்கால் அதன் வழியாகத்தான் வரும். அது பிறர் கைக்குப் போனால், இன்றைக்கு வாய்மொழியாகத் தண்ணீர் விடுகிறேன் என்பவர் நாளைக்கு மண்ணைக் கொட்டி மனை போட்டு விடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் செங்கல்பட்டுப் பக்கமும் வாய்க்கால் மூடிப் போனதால் தரிசான கழனிகள் எத்தனை என்று இந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தை விற்றே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும் மதகடியை மட்டும் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

இனி அந்த மூன்றரை லட்சம். வகுப்புக்கே போகாமல் பட்டம் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். சட்டப் படிப்புக்கான விதிகளை வகுப்பது இந்திய பார் கவுன்சில். ஒவ்வொரு பாடத்திலும் பொதுவாக 70 சதவீத வருகை வேண்டும் என்பது அதன் விதி. தபால் வழியில் சட்டப் பட்டம் கிடையாது. வருகையே இல்லாமல் பட்டம் கொடுக்கும் 'லெட்டர் பேட்' கல்லூரிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அப்படி வாங்கிய பட்டம் வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போதோ, அதற்குப் பிறகோ கேள்விக்குள்ளாகலாம். பணமும் போய், ஐந்து வருஷமும் போய், மதகடியும் போய்விடும்.

பக்கத்திலேயே இருக்கும் கல்லூரிகள்

திருக்கழுக்குன்றத்திலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் செங்கல்பட்டில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் பக்கத்தில் 1891 முதல் நடந்துவந்த பழைய சட்டக் கல்லூரி 2018-ல் இரண்டாகப் பிரிந்து இடம் மாறியது. அதில் ஒன்று கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கு வந்தது. அதாவது, ஒரு காலத்தில் சென்னைக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டியிருந்த படிப்பு, இன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு இடங்களில் இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் லட்சக்கணக்கில் போகாது.

+2 முடித்தவர்களுக்கு 5 ஆண்டுப் படிப்பு, ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்கு 3 ஆண்டுப் படிப்பு. +2-வில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் சேரலாம். குறைந்தபட்சம் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 40 சதவீதம். இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. இடம் கிடைக்க அதைவிட நல்ல மதிப்பெண் வேண்டியிருக்கும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் +2 மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்துகிறது. நுழைவுத் தேர்வு இல்லை. திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அகில இந்திய நுழைவுத் தேர்வு (கிளாட்) எழுத வேண்டும். அது ஆங்கிலத்தில் இருக்கும்.

வாசகரின் மகள் அரசுப் பள்ளியில் படிப்பது இங்கே பெரிய பலம். ஆறாம் வகுப்பு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் 2021-ல் வந்தது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவற்றோடு சட்டப் படிப்பும் அதில் அடக்கம். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். குடும்பத்தில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் விட்டுவிட்டு மூன்றரை லட்சத்துக்கு நிலத்தை விற்பது, ஏரியில் தண்ணீர் இருக்கும்போது லாரித் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுவது போன்றது.

'நம்ம குடும்பத்துக்கு ஒத்துவருமா?'

கடிதத்தின் மறுபக்கத்தில் அந்த விவசாயி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் பெயரில் இருந்த கிரயப் பத்திரத்தில் ஒன்றேகால் ஏக்கர் இருக்கிறது. பட்டாவிலோ 12 சென்ட் குறைவு. இத்தனை வருஷமாக வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. போன வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்காகக் காகிதங்களை எடுத்தபோது, பத்திரத்தையும் பட்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்து, 'அப்பா, இது தப்பாச்சே' என்று சொன்னது அந்த மகள்தான். அதிலிருந்துதான் அவளுக்கு இந்த ஆசை வந்ததாம்.

1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (ஊரில் 'யுடிஆர்' என்பார்கள்) இப்படிப்பட்ட பிழைகள் நிறைய நேர்ந்தன. அளவு குறைந்தது, பெயர் மாறியது, பக்கத்து சர்வே எண்ணில் சேர்ந்தது என்று இன்றைக்கும் வருவாய்த் துறை அலுவலகங்களில் மனுக்கள் குவிகின்றன. எழுதப்பட்டதைப் படித்துக் கேள்வி கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்தால் அந்தப் பிழை அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த மண்ணுக்கு இதைவிடப் பெரிய பாடமும் உண்டு. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்கீர், இந்த மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் நிலமில்லாமல் படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892-ல் அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க அரசு ஆணை பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்த மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. அப்படி இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப் போனது. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. அந்தச் சட்டத்தை எடுத்துப் பேச ஆள்தான் அவர்கள் பக்கம் இல்லை. செங்கல்பட்டை அடுத்த காரணையில் அந்த நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தையும், 1994 அக்டோபரில் துப்பாக்கிச் சூட்டில் போன இரண்டு உயிர்களையும் இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை.

ஆகவே, 'வக்கீல் படிப்பு நம்ம குடும்பத்துக்கு ஒத்துவருமா' என்பதைவிட, 'வக்கீல் இல்லாமல் நம்ம குடும்பங்கள் இழந்தது எவ்வளவு' என்று கேட்பதுதான் சரி.

குடும்பத்தில் முன்னோடி இல்லாமல் வந்தவர்கள் இல்லாமலில்லை. ஈரோடு மாவட்டம் பவானிப் பக்கத்தில் காடப்பநல்லூர் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் 1949-ல் பிறந்தவர் ப. சதாசிவம். அவர் குடும்பத்தில் அவர்தான் முதல் பட்டதாரி. சென்னை சட்டக் கல்லூரியில் படித்து 1973-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 2001-ல் உயர் நீதிமன்ற நீதிபதி, 2013 ஜூலையில் இந்தியாவின் தலைமை நீதிபதி. பரமக்குடியைச் சேர்ந்த திருநங்கை சத்யஸ்ரீ சர்மிளா, சட்டம் படித்து முடித்துப் பல வருஷம் கழித்து, 2018 ஜூன் 30 அன்று வழக்கறிஞராகப் பதிவு செய்தார். நாட்டிலேயே வழக்கறிஞரான முதல் திருநங்கை அவர். ஊரும் உறவும் ஒதுக்கும் நிலையிலிருந்து ஒருவர் அங்கே வரை வர முடியும் என்றால், பெற்றோர் பக்கத்தில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு வழி இன்னும் எளிது.

இது நெல் அல்ல, தென்னை

ஆனால் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொண்டே அனுப்ப வேண்டும். படிப்பு முடிந்த மறுமாதம் சம்பளம் வரும் தொழில் அல்ல இது. நெட்டைத் தென்னை வைத்தால் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகிறது. அதுவரை தண்ணீர் பாய்ச்சத்தான் வேண்டும், இடையில் ஊடுபயிரும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டமும் அப்படித்தான். ஐந்து வருஷம் படிப்பு, அதன் பிறகு ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இரண்டு மூன்று வருஷம். தகப்பனோ மாமனோ வக்கீலாக இருக்கும் பிள்ளைக்கு அந்த இடம் வீட்டிலேயே கிடைக்கிறது. கழனியிலிருந்து வரும் பிள்ளை தேடித்தான் போக வேண்டும். கஷ்டம் கல்லூரியில் அல்ல, இந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் இருக்கிறது. பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள்.

இந்தக் கஷ்டம் அண்மையில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்யவே சில மாநிலங்களில் பல ஆயிரம் ரூபாய் வாங்கி வந்தார்கள். 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதிகக் கட்டணம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தொழிலுக்குள் வரவிடாமல் தடுக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

அதே வருஷம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அதையொட்டித் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா அலுவலகத்திலும் இது கைக்கு வந்துவிடுகிறது என்று நம்பிக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் சேரும்போதே கூச்சமில்லாமல் கேட்கலாம், கேட்பது தப்பில்லை.

பதிவு செய்த பிறகு அகில இந்திய பார் தேர்வு எழுதித் தேற வேண்டும். அதைத் தமிழிலும் எழுதலாம். குறிப்புகள் இல்லாத வெறும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து எழுத அனுமதி உண்டு. நீதிபதி ஆக வேண்டும் என்ற ஆசை இருந்தால், சிவில் நீதிபதித் தேர்வுக்குக் குறைந்தது 3 வருஷம் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஆங்கிலம் தெரியாதே என்ற பயம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதிகம். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்தான். ஆனால் கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் உண்டு. செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ நில வழக்கு நடத்த, சாட்சியின் தமிழும் பத்திரத்தின் தமிழும் தெரிந்திருப்பது பெரிய பலம். நான்கெல்லை, மாமூல் வாய்க்கால், மேட்டுப் பாத்தி, வரப்பு உரிமை என்றால் என்னவென்று கழனியில் வளர்ந்த பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தை ஐந்து வருஷத்தில் தினம் அரை மணி நேரம் படித்துப் பிடித்துவிடலாம். இந்த அறிவைப் பட்டணத்துப் பிள்ளை பிடிக்க அதைவிட நாளாகும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. யாராவது பழைய சட்டப் புத்தகங்களைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் பார்த்து வாங்க வேண்டும். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், அதோடு குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றுக்கும் பதிலாக 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் நடப்பில் இருக்கின்றன.

இப்போதே செய்ய வேண்டியவை

+2 முடிவு வரும் வரை காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பிக்கலாம். ஆறு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் வாங்கி வைக்க வேண்டும். முடிவு வந்ததும் சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பைக் கவனித்துக் கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வில் எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு என்று பார்த்து, வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தை முதல் விருப்பமாகக் கொடுத்தால் விடுதிச் செலவு மிச்சம்.

அந்த 12 சென்ட் விஷயத்தையும் தள்ளிப்போட வேண்டாம். வில்லங்கச் சான்று, மூலப் பத்திரத்தின் நகல், 'அ' பதிவேட்டு நகல், புலப்பட நகல் நான்கையும் வாங்கிச் சேர்த்து வருவாய்த் துறைக்கு மனுக் கொடுக்கலாம். எதிர்த் தரப்பு ஒத்துக்கொள்ளாமல் உரிமைத் தகராறு ஆனால் உரிமையியல் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். மனுவை மகளையே எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகும் அவளுக்கு இந்தப் படிப்பில் ஆசை குறையவில்லை என்றால், அது விளையாட்டு ஆசை இல்லை என்று நீங்களும் நம்பலாம்.

மற்ற வாசகர்களின் கேள்விகள்

மாமல்லபுரம் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து ஒரு வாசகி: வயது 36. பத்தாவது, +2 பள்ளியில் படித்து, தபால் வழியில் பி.ஏ. முடித்திருக்கிறேன். சட்டம் படிக்க முடியுமா?

முடியும். பள்ளிப் படிப்பை முறையாக முடித்து, தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கியவர்களைப் பார் கவுன்சில் விதி ஏற்கிறது. +2 இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் சிக்கல். வயது வரம்பைக் கொண்டுவந்த பார் கவுன்சில் அறிவிப்புக்கு 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 3 ஆண்டுப் படிப்பு பகல் வகுப்பு என்பதால் வீட்டு வேலையையும் தையல் வேலையையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், குப்பத்து வீட்டு மனைப் பட்டா, வலை உலர்த்தும் இடம் என்று உங்கள் கரையில் வழக்குகளுக்குக் குறைவில்லை. அதை உள்ளிருந்து பேசும் குரல்தான் குறைவு.

மதுராந்தகம் வாசகர்: பத்தாவதோடு நிறுத்திவிட்டு விவசாயம் பார்க்கிறேன். ஊர் மக்களுக்குச் சட்ட விஷயத்தில் உதவ வழி உண்டா?

உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. இந்தத் திட்டம் 2009 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. வக்கீல் பட்டம் தேவையில்லை, பத்தாவது படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். கோர்ட்டில் வாதாட முடியாது. மனு எழுத உதவலாம், இலவசச் சட்ட உதவிக்கு ஆட்களை அழைத்துச் செல்லலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும் என்பது கிராமத்தில் பலருக்கும் தெரியாது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.

செய்யூர் வாசகர்: பி.எஸ்சி. வேளாண்மை முடித்து, உரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேலையை விடாமல் வக்கீல் ஆகலாமா?

வேளாண்மைப் பட்டத்தை வைத்து 3 ஆண்டு சட்டப் படிப்பில் சேரலாம். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் செய்யப் பார் கவுன்சில் விதி இடம் தராது. படிப்புக்கும் வருகைப் பதிவு வேண்டும். அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கன் சட்டக் கல்லூரிக்கே போகாமல் தானாகப் படித்து 1836-ல் வக்கீல் உரிமம் வாங்கினார். இன்றைய இந்தியாவில் அந்த வழி இல்லை. மூன்று வருஷத்துக்கான வீட்டுச் செலவைச் சேர்த்து வைத்துவிட்டு வேலையை விடுவதுதான் விவேகம். பயிர்க் காப்பீடு, விதைத் தரம், உரக் கலப்படம், நுகர்வோர் வழக்கு ஆகியவற்றில் வேளாண்மை தெரிந்த வக்கீலை விவசாயிகள் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.